பிலிப்பைன்சில் ஊழல் எதிர்ப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும்

பிலிப்பைன்சு மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். ஆகவே ஊழல் குறித்துத் திருச்சபை பேசினாலும் பேசாதிருந்தாலும் அது அரசியலைப் பாதித்தது. சட்ட அதிகாரம் ஏதுமற்ற திருச்சபைக்கு இருந்த வலிமை, மக்கள் அதன் மீது வைத்த நம்பிக்கையே ஆகும்.

மார்க்கோசு ஆட்சி

1965இல் குடியரசுத் தலைவரான பெர்டினாண்ட் மார்க்கோசு, 1972இல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அவரும் அவருடைய குடும்பத்தினரும் கைப்பற்றிய பொதுச் சொத்து 500 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. மணிலாப் பேராயர் கர்தினால் ஐமே சின், அரசின் நல்லதை ஏற்றுத் தவற்றைக் கண்டிக்கும் அணுகுமுறையைத் தொடக்கத்தில் கடைப்பிடித்தார். 1983இல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ கொல்லப்பட்ட பின் திருச்சபையின் கண்டனம் கடுமையானது.

1986 பிப்ரவரி 7இல் நடந்த தேர்தலில் பெரும் மோசடி நிகழ்ந்தது. வாக்கு எண்ணிக்கையில் ஈடுபட்டிருந்த கணினிப் பணியாளர்கள் சிலர், முடிவுகள் திரிக்கப்படுவதாகக் கூறி வெளியேறிப் பக்லாரன் கோவிலில் அடைக்கலம் புகுந்தனர். மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அறநெறி அடிப்படை இல்லை என்று ஆயர் பேரவை பிப்ரவரி 13ஆம் நாளிட்ட அறிக்கையில் கூறியது. வன்முறையற்ற எதிர்ப்பையே அது வலியுறுத்தியது. பிப்ரவரி 22இல் இராணுவத்தின் ஒரு பிரிவு மார்க்கோசைக் கைவிட்டது. அப்பிரிவினரைக் காக்க வருமாறு கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலி வழியே அழைக்க, எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் திரண்டனர். பிப்ரவரி 25இல் மார்க்கோசு நாட்டைவிட்டு வெளியேறினார்.

எசுத்திராடா விவகாரம்

2000 அக்டோபரில், குடியரசுத் தலைவர் யோசப் எசுத்திராடா சட்டவிரோதச் சூதாட்டப் பணத்தில் பங்கு பெற்றதாக ஆளுநர் ஒருவர் குற்றம் சாட்டினார். அவர் பதவி விலக வேண்டும் எனக் கர்தினால் சின் கோரினார். 2001 சனவரியில் எட்சாவில் மீண்டும் மக்கள் கூட, எசுத்திராடா பதவி இழந்தார். எனினும் அவரது கைதை எதிர்த்து அவ்வாண்டே ஏழை மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினர். திருச்சபையின் குரல் எல்லா ஏழைகளையும் சென்றடையவில்லை என்பதை இது காட்டியது.

திருச்சபை மீதான கேள்வி

அடுத்து வந்த குளோரியா அரோயோ மீது 2005இல் தேர்தல் மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தபோது, ஆயர் பேரவை அவரைப் பதவி விலகக் கோரவில்லை. அவரது ஆட்சிக்காலத்தில் அரசு நற்பணிப் பரிசுச்சீட்டு நிறுவனத்தின் நிதியிலிருந்து ஆயர்கள் சிலர் வாகனங்கள் பெற்றது 2011இல் வெளிவந்தது. சமூகப் பணிக்காகவே பெற்றதாக அவர்கள் விளக்கினர். ஆயினும் செனட் விசாரணையில் தோன்றி வாகனங்களைத் திருப்பித் தர முன்வந்தனர். மக்கள் அடைந்த வேதனைக்காக ஆயர் பேரவை வருத்தம் தெரிவித்தது.

1986இல் ஆயர்களின் சொல்லுக்கு மக்கள் செவிசாய்த்ததற்குக் காரணம், மோசடியால் வந்த ஆட்சியை ஏற்க அவர்கள் வெளிப்படையாக மறுத்ததாகும். ஆள்வோரிடமிருந்து பெறும் உதவி, நன்னோக்கில் பெறப்பட்டாலும், அந்நம்பிக்கையைக் குறைக்கும் என்பதை 2011 நிகழ்வு உணர்த்தியது.