டெல்கோ-லைட்: மின்கம்பி எட்டாத பண்ணைகளின் மின்சாரம்

டெல்கோ-லைட் என்பது, மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்காக 1916-இல் விற்பனைக்கு வந்த சிறு மின்சாரத் தொகுதி ஆகும். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற மின் தொடக்கியை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங்கின் முயற்சியால், ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இது உருவானது.

மண்ணெண்ணெயிலும் ஓடக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரம் கண்ணாடிச் சாடிகளில் அமைந்த 16 ஈய-அமில மின்கலங்களில் சேமிக்கப்படும். கலத்திற்கு 2 வோல்ட் வீதம் மொத்தம் 32 வோல்ட் கிடைக்கும். இயந்திரத்தைச் சில மணி நேரம் ஓட்டி மின்னேற்றினால், இரவில் இரைச்சலின்றி விளக்கெரியும். ஒரு சிறு விளக்குக்காக இரவெல்லாம் இயந்திரத்தை ஓட்டி எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. நீர் இறைக்கவும் துணி துவைக்கவும் பெண்கள் பட்ட பாடும் குறைந்தது.

ஆனால் இதை வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. 1930-களின் நடுவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மின்கம்பி வரவில்லை. அதிபர் ரூசுவெல்ட் 1935-இல் ஊரக மின்மயமாக்க நிர்வாகத்தை ஏற்படுத்தினார். கம்பிகள் வரவர, 32 வோல்ட் தொகுதிகள் மூலைக்குப் போயின.

இன்று ஜெனரேட்டரில் மின்னேற்றப்படும் கையடக்க மின்சேமிப்புப் பெட்டிகளில் ஈயத்துக்குப் பதில் லித்தியம் உள்ளது, முறை பழையதே.