மருதமடுவுக்குப் போன வழி

எந்தத் திருச்சபையைச் சேர்ந்து வழிபடுவது என்ற கேள்வியை இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குடியிருக்கும் கிறிஸ்தவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வோர் ஆலயமாய்ப் போய்ப் பார்த்து, பிரசங்கத்தையும் பாட்டையும் ஒப்பிட்டு, ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். இதே கேள்விக்கு உயிரைப் பணயம் வைத்து விடை சொன்ன ஒரு தலைமுறையும் இவ்வன்னிப் பெருநிலத்தில் வாழ்ந்திருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும், கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. போர்த்துக்கேயர் எழுப்பிய கோயில்களிலிருந்து சுரூபங்களும் பீடங்களும் அகன்று, அவ்விடத்தில் பிரசங்கமும் சங்கீதமும் ஞானோபதேச வினாவிடையும் அமர்ந்தன. கோயிலோடு பள்ளிக்கூடமும், பள்ளிக்கூடத்தோடு உபாத்தியாயரின் பதிவேடும் சேர்ந்திருந்தன. ஞானஸ்நானமும் விவாகமும் அதில் ஏறினாலன்றி, முதுசொமும் உத்தியோகமும் கைக்கு வருவது அரிதாயிற்று.

இந்நிலையில், மாந்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, 1670ஆம் ஆண்டளவில், தங்கள் கோயிலிலிருந்த மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு, ஒல்லாந்தர் கை எளிதில் எட்டாத காட்டினூடே மருதமடுவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது மடுவின் மரபு. யானையும் விஷசர்ப்பமும் காய்ச்சலும் மலிந்த அவ்வனத்திலே அவர்களுக்குக் குருவானவர் இல்லை. ஆகவே பூசையும் இல்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. குருமாரற்ற அக்காலத்தில், செபமாலை சொல்லியும், பெரியோர் பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் பாடமாக்கியும், சாகுந்தறுவாயிலிருப்போர் அருகே செபித்தும் ஈழத்துக் கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காத்தனர்.

அவ்வளவே போதுமென்று அவர்கள் எண்ணியிருந்தால், கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேவ் வாஸ் சுவாமியாருக்கு இங்கே வேலையே இருந்திராது. பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாய்த் திரிந்து, அதைக் கண்டு முகம் மாறுவோரைக்கொண்டே அவர் தம்மவரை இனங்கண்டார் என்பர். ஆளறிந்ததும் சனங்கள் அவரிடம் கேட்டது பாவப்பொறுத்தலும் சற்பிரசாதமுமே. பூசை இரவில், பூட்டிய வீடுகளுக்குள் நிறைவேறிற்று. அவரும் தாம் இல்லாத நாட்களை முன்னுணர்ந்து, ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, செபத்தையும் போதனையையும் அவர்கள் பொறுப்பில் விட்டார். அவருடைய சாதனைகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். ஏனெனில் குருவானவர் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த சபையை உண்டாக்குவது, குருவானவரை வரவழைப்பதிலும் கடினம்.

ஒல்லாந்தரைக் குறைகூறுவது சுலபம். ஆயினும் வேதாகமத்தைத் தமிழில் தர அவர்கள் உழைத்தார்கள். அவர்கள் சபையிற் குருப்பட்டம் பெற்ற தமிழரான பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் அச்சேறிற்று. அப்படியிருந்தும், ஆங்கிலேயராட்சியில் பதிவேட்டின் பலம் போனபின், பெயரளவிற் கிறிஸ்தவராயிருந்த பெருந்தொகையினர் சில ஆண்டுகளிலேயே கலைந்துவிட்டனர். 1806இல் மெயிற்லண்ட் தேசாதிபதி கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். காடு காத்துவைத்த மடுவோ, 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டும் வைபவத்தைக் காணுமளவுக்குப் பெரிய யாத்திரைத்தலமாயிற்று. 2008 ஏப்ரலில் யுத்தம் நெருங்கவே, அதே சுரூபம் மறுபடியும் சுமக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குப் போய், ஆகஸ்டில் மீண்டது.

காட்டுக்குப் போன அந்தத் தலைமுறையின் தெரிவில் ஒரு விசித்திரம் உண்டு. தாய்மொழியிற் கேட்கக்கூடிய பிரசங்கத்தை விட்டு அவர்கள் ஏங்கிய பூசை இலத்தீன் பாஷையில் நடப்பது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைச் சுதேச பாஷைகளுக்குத் திறந்துவிடும்வரை, அவர்கள் சந்ததியார் அதன் வாசகங்களை விளங்கிக்கொண்டவர்களல்லர். பிரசங்கத்தை அவர்கள் வெறுத்தார்களென்று நான் நினைக்கவில்லை. ஒல்லாந்தர் கோயிலிலே கேட்பதற்கு நிறைய இருந்தது. முழந்தாளிடுவதற்குத்தான் ஒரு பீடம் இருக்கவில்லை.