தலைத்தட்டில் நடந்த வணிகம்

கடை வாடகைக்குப் பணமில்லாதவரும் தொடங்க முடிந்த வியாபாரம் அது. வீட்டு அடுப்பில் பொரித்த முறுக்கு, ஓமப்பொடி, பருப்பு, வறுத்த நிலக்கடலை, பட்டாணி, அவித்த கொண்டைக்கடலை. அவற்றைப் பிரித்து வைக்கத் தடுப்புப் போட்ட மரத்தட்டு. தலைக்கு ஒரு சும்மாடு. கூம்பாகச் சுருட்டிக் கொடுக்கப் பழைய தாள். பினாங்கு உட்பட மலாயா நகரங்களின் பள்ளி வாசல்களிலும் திரையரங்குகளின் முன்னாலும் நின்ற அந்தத் தமிழ் வியாபாரியிடம் மலாய்க்காரரும் சீனரும் இவற்றை ‘கச்சான் பூத்தே’ என்று கேட்டு வாங்கினார்கள்.

அவித்த கடலையை அன்றே விற்றாக வேண்டும். பொரித்ததோ நாள் தாங்கும். விற்காமல் மிஞ்சியது மூடிபோட்ட தகரத்துக்குள் போய், மறுநாள் மீண்டும் தட்டில் ஏறும். கைமுதல் குறைந்தவரைக் காப்பாற்றியது இந்த மொறுமொறுப்புதான்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கின் ஜார்ஜ் டவுனை நிறுவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழ் வணிகர்களும் துறைமுகத் தொழிலாளரும் அங்கே வேரூன்றிவிட்டார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833இல். தமிழர்கள் கடைத்தெரு என்றழைத்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பருப்பும் மிளகாயும் சீரகமும் மூட்டை மூட்டையாக இறங்கின. பிற்காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு ஆட்களை ஏற்றிவந்த ‘ரஜூலா’ கப்பல் 1926இல் கட்டப்பட்டு, 1970கள் வரை ஓடியது. அப்படி வந்தவர்களோடு ஊர்க் கைப்பக்குவமும் கரையேறியது. பினாங்குக்குத் தெற்கே ஈப்போவின் புந்தோங்கில், எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இந்தத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டதால், அந்தக் குடியிருப்புக்கே ‘கச்சான் பூத்தே கம்பம்’ (கம்பம் என்றால் கிராமம்) என்று பெயர் வந்தது.

முறுக்கின் நுட்பம் மாவில் தொடங்குகிறது. கோதுமையில் உள்ள பசைப்புரதம் அரிசியில் இல்லை; அரிசி மாவை மட்டும் பிசைந்தால் பிழியும்போது அறுந்துபோகும். வறுத்து அரைத்த உளுந்து மாவு அதை இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் வெண்ணெயோ காய்ச்சிய எண்ணெயோ சேர்ந்தால்தான் கடிக்கும்போது பொலபொலவென உதிரும். அச்சின் நட்சத்திரத் துளை வழியே இறங்கும் மாவில் வரிவரியாக முகடுகள் விழும். அதனால் எண்ணெய் படும் பரப்பு கூடி, ஈரம் விரைவில் வெளியேறும். எண்ணெயில் எழும் குமிழிகள் அடங்குவதே வெந்ததற்கு அடையாளம்.

இதே சிக்கலுக்கு மெக்சிகோவும் அதன் அண்டை நிலங்களும் வேறொரு விடை கண்டன. மக்காச்சோளத்திலும் அந்தப் பசைப்புரதம் இல்லை. அங்குள்ளவர்கள் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழன்றதும் கழுவிக் கல்லில் அரைத்தார்கள். சுண்ணாம்பு பட்ட மாவு ஒட்டிக்கொள்ளும், ரொட்டியாகத் தட்டலாம். சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் நயாசின் சத்தும் விடுபடும். சோளத்தை வாங்கிக்கொண்டு இந்தச் சுண்ணாம்பு முறையை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளை, நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

டார்ட்டில்லா எனப்படும் அந்தச் சோள ரொட்டியை வெட்டிப் பொரிப்பது மெக்சிகோவில் பழைய வழக்கம். அதைப் பைகளில் அடைத்த பெருவணிகமாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ரெபெக்கா வெப் கரான்சா. லாஸ் ஏஞ்சலஸில் அவர் குடும்பத்தின் தொழிற்சாலை இயந்திரம் கோணலாகத் தள்ளிய ரொட்டிகளை, 1940களின் பிற்பகுதியில் முக்கோணமாக வெட்டிப் பொரித்து விற்றார். 1966இல் டோரிட்டோஸ் என்ற சோளச் சிப்ஸ் அமெரிக்கா முழுவதும் பரவியது. வீணாகப் போகவிருந்ததை விலைபொருளாக்கிய எண்ணெய்ச் சட்டி, அங்கும் சிறு வியாபாரியின் துணையாகவே இருந்தது.

இன்று பினாங்கின் பேரங்காடிகளில் சோளச் சிப்ஸும் முறுக்கும் கிடைக்கின்றன. தலைத்தட்டு மறைந்துவிட்டது, தள்ளுவண்டிகளும் தைப்பூசக் கடைகளும் பொட்டலத் தொழிலும் அதன் இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டடங்களோடு பல இனங்களின் வாழும் மரபையும் காரணமாகக் காட்டியது. பொரிப்பவரின் கைக்கணக்கும் அந்த மரபில் சேர்ந்ததே. எந்த அரிசிக்கு எவ்வளவு உளுந்து, மழைக்காலத்தில் நீரை எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் தெரிந்த முதியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைப்பது, பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதற்குச் சற்றும் குறையாத பாதுகாப்புப் பணி.