ஒன்பதைத் தள்ளிப் பார்த்த கணக்கு

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, கணக்கைச் சரிபார்க்க ‘ப்ரெவ் பார் நெஃப்’ கற்றுத் தந்தார்கள். ஒன்பதுகளைத் தள்ளி மீதியை ஒப்பிடுவது. பின்னாளில் குமாஸ்தாவாக, ஓர் அம்மாளின் ஓய்வூதியத்தில் 540ஐ 450 என்று எழுதிவிட்டேன். வித்தியாசம் 90, ஒன்பதின் மடங்காயிற்றே, சோதனையில் தெரியவில்லை. அவர் நேரில் வந்து சொன்ன பிறகே தெரிந்தது.

1994இல் இன்டெலின் பென்டியம் சிப்புக்கும் இதே கதைதான். வகுத்தல் அட்டவணையில் நிரப்ப வேண்டிய 1,066 இடங்களில் 5 விடுபட்டிருந்தன. கம்பெனிச் சோதனைகளில் அகப்படாமல் விற்பனைக்கு வந்துவிட்டது. பகா எண்களை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். இன்டெலுக்கு நஷ்டம் 47.5 கோடி டாலர்.

அதன்பின் கணித நிரூபணத்தாலும் சிப்பைச் சரிபார்ப்பது பெருகியது. சோதனைக்குத் திட்டம் போடும்போதே, ‘இதில் எது தப்பிவிடும்?’ என்று கேட்க வேண்டும். நான் அன்று கேட்கவில்லை.