மருந்துக் கிடங்கு

தூரத்திலிருந்து பார்த்தால் திண்டு. ஏறிப் பார்த்தால் கல். திண்டுக்கல்லுக்குப் பெயர் வைத்தவர் மலைக்கோட்டைப் படியில் ஒரு தடவையாவது ஏறி மூச்சு வாங்கியிருக்க வேண்டும். சென்ற மாதம் நானும் பேரனும் ஏறினோம். அவன் ஓடினான், நான் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன்.

உச்சியில் பழைய மருந்துக் கிடங்கு இருக்கிறது. மருந்து என்றால் கஷாயம் அல்ல, வெடிமருந்து. கனத்த சுவர், அதில் காற்று நுழையத் துளைகள்.

"இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டிவிட்டு ஏன் தாத்தா ஓட்டை வைத்தார்கள்?" என்றான் பேரன்.

நல்ல கேள்வி. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து மருந்து. வெடியுப்புக்கு ஈரம் ஆகாது. மருந்து நமுத்துவிட்டால் பீரங்கி வெறும் இரும்புக் குழாய்! ஆகவே துளை.

மதுரை நாயக்கர் காலத்தில் 1605-இல் தொடங்கிய கோட்டை இது. 1755-இல் மைசூர்ப் படைத்தலைவராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தார். பின்னால் அவர் மைசூரையே ஆண்டதற்கு அஸ்திவாரம் நம் ஊர்ப் பாறையில் போடப்பட்டது என்றால் மிகையாகாது. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் உதவி நாடியதும் அவரிடந்தான். 1780-இல் ராணி சீமையை மீட்டபோது, குயிலி என்ற பெண் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு பகைவரின் மருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்று அந்தச் சீமை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1790-இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் படை திண்டுக்கல்லைப் பிடித்தது. 1792 உடன்படிக்கைப்படி ஊர் கும்பினியார் வசமாயிற்று.

அந்த நாளில் மருந்து எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். காவல் பலமாக இருந்தால் போதும். பிற்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1863-இல் வில்பிராண்ட் என்ற ஜெர்மானியர் டி.என்.டி.யைத் தயாரித்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மஞ்சள் சாயம்! பட்டுக்கு மஞ்சள் ஏற்றிய பிக்ரிக் அமிலமும் பிறகு பீரங்கிக் குண்டுக்குள் புகுந்தது. துணிக்கு வந்த சரக்கு உயிருக்கு வந்துவிட்டது. இப்போது மருந்து மண்ணுக்குள் ஒளிகிறது, பெட்டிக்குள் ஒளிகிறது. காவல் அல்ல, தேடல்தான் வேலை.

எப்படித் தேடுவது? டி.என்.டி.யிலிருந்து மிகச் சொற்பமாக ஆவி எழும். நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே அதன் மூலக்கூறு ஒரு சிலதான். நாயின் மூக்கு அதை அறியும். ஆனால் நாய்க்கும் களைப்பு உண்டு, பயிற்சி வேண்டும்.

1998-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் யாங், ஸ்வேகர் என்ற இருவர் ஒரு மெல்லிய படலத்தைச் செய்தார்கள். புற ஊதா ஒளி பட்டால் அது பளிச்சென்று ஒளிரும். டி.என்.டி. ஆவி தொட்டால் மங்கும். டி.என்.டி.க்கு எலெக்ட்ரான் மேல் தீராத பசி. ஒளிரவேண்டிய எலெக்ட்ரானை அது பறித்துக்கொள்ளும். அந்தப் படலம் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. ஒளியின் சக்தி சங்கிலி நெடுக ஓடுகிறது, கோட்டை மதிலைச் சுற்றி வரும் விளக்குக் காவலனைப் போல. மதிலில் எங்கே ஒரு திருடன் பதுங்கியிருந்தாலும் காவலன் அவனிடம் போய் முட்டுவான், விளக்கு அணையும். ஒரு திருடனுக்கு ஒரு மதில் முழுதும் இருளும்.

ஆவி உள்ளே போக வழி வேண்டுமே? அங்கேதான் ஓட்டை! நேரான மூங்கிலைக் கட்டினால் இடைவெளி இராது. கோணல் விறகை அடுக்கினால் சந்து விழும். சங்கிலியில் கோணல் மாணலான கட்டிகளை வைத்து, வேண்டுமென்றே சந்துகளை உண்டாக்கினார்கள்.

பிறகு உலோகத்தை முளையாகவும் கரிமச் சேர்மங்களைக் கழியாகவும் வைத்துப் பந்தல் போலக் கட்டிய நுண்துளைப் பொருள்கள் வந்தன. அதற்கு வழிகாட்டிய கிடகாவா, ராப்ஸன், யாகி மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் புனே ஐஸர் கழகத்தில் சுஜித் கோஷ் குழுவினர், அத்தகைய ஒளிரும் பொருளால் பிக்ரிக் அமிலத்தை அதன் உறவுக்காரச் சேர்மங்களிலிருந்து தனியே அடையாளம் காட்டியதை 2013-இல் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் பேரன், "அப்படியானால் ஹைதர் மருந்தையும் கண்டுபிடிக்குமா?" என்றான். பிடிக்காது. வெடியுப்பு உப்புதான், அதிலிருந்து அந்த ஆவி வராது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பொறி வேண்டும். 1998 பிப்ரவரி 14-இல் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அவற்றையெல்லாம் ஒரு படலம் காட்டிக் கொடுத்திருக்கும் என்று சொன்னால் அது விஞ்ஞானம் ஆகாது, ஆறுதல் வார்த்தை.

ஆனால் கடலுக்கு அப்பால் நினைத்துப் பார்க்கிறேன். இலங்கையில் 2009-இல் போர் முடிந்தது. மண்ணுக்குள் புதைந்த கண்ணி வெடிக்கு அது தெரியாது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நம் பெண்கள் முழந்தாளிட்டு, விரல் விரலாக மண்ணைக் கிளறி அவற்றை எடுத்திருக்கிறார்கள். குயிலி மருந்தை நோக்கிப் பாய்ந்தாள். இவர்கள் அதை நோக்கித் தவழ்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே நெஞ்சுதான் வேண்டும்.

இறங்கும்போது பேரன் திரும்பி ஒருமுறை அந்தத் துளைகளைப் பார்த்தான். மருந்து கெடாமலிருக்க வைத்த துளை அது. மனிதன் கெடாமலிருக்க வைக்கும் துளை இனி வேண்டும்.