கண நேரத் தவறு!

1878, செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. குழந்தை குட்டிகளோடு உல்லாசப் பயணம் போன லண்டன்வாசிகளைச் சுமந்துகொண்டு, 'பிரின்சஸ் ஆலிஸ்' என்கிற நீராவிப் படகு தேம்ஸ் நதியில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரவு ஏழே முக்கால் இருக்கும். எதிரே 'பைவெல் காஸில்'. நிலக்கரி ஏற்றுகிற பெரிய கப்பல், காலியாக வந்துகொண்டிருந்தது.

வுல்விச் அருகே, நதி வளைகிற இடத்தில்... மோதல்! பிரின்சஸ் ஆலிஸ் பிளந்துபோய் நாலே நிமிடங்களில் மூழ்கியது. போதாக்குறைக்கு, லண்டன் நகரத்துச் சாக்கடை முழுக்கத் திறந்துவிடப்படும் இடம் வேறு அது! இறந்தவர்கள் அறுநூறு பேருக்கும் மேல்.

யார் குற்றவாளி? முதலில் விசாரித்த கோர்ட், "இரண்டு பேர் மீதும் தப்பு" என்றது. காரணம், மோதலுக்குச் சற்று முன்னால் பைவெல் காஸில் சுக்கானைத் தவறான பக்கம் திருப்பியிருந்தது. வழக்கு 1879-ல் அப்பீலுக்குப் போனது. அங்கே நீதிபதிகள் சொன்னதுதான் சுவாரஸ்யம். சுக்கானைத் திருப்பியது தப்புதான். ஆனால், அந்தக் கடைசி நேரத்தில் அதனால் எதுவும் மாறியிருக்காது. அது மட்டுமல்ல... குறுக்கே வந்து இந்தக் கப்பலை ஆபத்தில் தள்ளியதே அந்தப் படகு. தள்ளிவிட்டு, "ஏன் நிதானமாக யோசிக்கவில்லை?" என்று கேட்க அதற்கு உரிமை கிடையாது! பைவெல் காஸில் விடுதலை.

இது புது யோசனை இல்லை. 1816-லேயே லண்டனில் ஒரு கோச் வண்டி வழக்கு. ஓடுகிற வண்டியில் கடிவாள வார் அறுந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருந்த பயணி, 'வண்டி கவிழப்போகிறது' என்று பயந்து குதித்தார். கால் முறிந்தது. வண்டியோ கவிழவே இல்லை! பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. "அவரா குதித்தார், நாங்களா தள்ளினோம்?" என்று வண்டிக்காரர் தரப்பு கேட்கலாம் அல்லவா? நீதிபதி எல்லன்பரோ பிரபு அதை ஏற்கவில்லை. அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு இருந்த பயம் நியாயமானதுதானா என்பதே கேள்வி என்றார். ஜூரிகள் 300 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்.

அவசரத்தில் எது செய்தாலும் தப்பில்லை என்று அர்த்தமா? அதுதான் இல்லை. தேய்ந்துபோன பிரேக்கோடு கார் ஓட்டிவிட்டு, "சட்டென்று குறுக்கே வந்துட்டார் சார்... என்ன பண்றதுன்னே தெரியல!" என்று நீங்கள் கைவிரிக்க முடியாது. அந்த ஆபத்தை உண்டாக்கியதே நீங்களாக இருந்தால் சலுகை கிடையாது. அடுத்து, அதே நெருக்கடியில் சாதாரண புத்தியுள்ள இன்னொருவர் அப்படிச் செய்திருப்பாரா என்றும் கோர்ட் பார்க்கும்.

நியாயமான விதிதான். வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். வரைபடம் போட்டு, நிபுணர்களைக் கூப்பிட்டு, 'இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்' என்று கண்டுபிடிப்பது சுலபம். சுக்கானைப் பிடித்திருந்தவனுக்குக் கிடைத்தது சில விநாடிகள்.

ஆனால், ஒரு விஷயம் உறுத்துகிறது. பைவெல் காஸில் கேப்டன் உயிரோடு இருந்தார். தன் தரப்பைச் சொன்னார். பிரின்சஸ் ஆலிஸின் கேப்டன் கிரின்ஸ்டெட் படகோடு மூழ்கிப்போனார். அவர் ஏன் குறுக்கே திருப்பினார்? அந்த வளைவில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? அவருக்கும் அப்படியொரு தவிப்பான கணம் இருந்திருக்கலாம். கேட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை!