சரண், ஓய்வு, அச்சுறுத்தல்: சில இத்தாலியச் சொற்களும் நம் கடற்கரையும்

லூமுட் படகுத்துறையில் நிற்பவர்க்கு எதிரே பங்கோர்த் தீவு தெரியும். அத்தீவின் அருகே ‘புளூட்டோ’ என்னும் கப்பலில் 1874 சனவரி 20ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையை நம் மாணவர் அனைவரும் பாடமாகப் படித்துள்ளனர். போரை நிறுத்தும் சொற்களைப் பற்றிப் பேச அதனினும் ஏற்ற இடம் இல்லை. எனினும் நாம் இத்தாலியிலிருந்து தொடங்குவோம். சதுரகராதி தந்த வீரமாமுனிவரின் தாய்நாடு அது. அந்நாட்டு மொழியில் தனித்தனியே நிற்கும் சில போர்ச்சொற்கள் தமிழுக்கு வரும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

‘த்ரேகுவா’ என்பது செருமானியக் கிளைமொழிகளிலிருந்து இத்தாலியத்துக்கு வந்த சொல். உறுதிமொழி, நம்பிக்கை என்பன அதன் வேர்ப்பொருள். பகைவர் இருவரும் வாக்குக் கொடுத்துச் சிலகாலம் ஓய்ந்திருப்பதை அது குறிக்கும். ‘ஆர்மிஸ்தீட்சியோ’ இலத்தீன் வழிவந்தது. படைக்கலம் அசையாது நிற்றல் என்பது அதன் பொருள். எழுதிக் கையெழுத்திடும் முறையான ஒப்பந்தம் இது. ‘ரேசா’வோ தோற்றவர் தம்மை ஒப்படைத்தல். முதலிரண்டையும் நாம் ‘போர்நிறுத்தம்’ என்றே எழுதிவிடுகிறோம். முன்னோர் வழங்கிய ‘சந்து’ என்னும் சொல் சமாதானத்தைக் குறித்தது. இன்றைய மாணவரிடம் கேட்டால் தெருச்சந்தைக் காட்டுவார்.

‘ரேசா’வுக்கு நாம் தரும் ‘சரணடைதல்’ இன்னும் சிக்கலானது. சரண் என்றால் புகலிடம். வீடணன் இராமனிடம் சரண்புகுந்தபோது, அவனைக் காக்கும் கடமை இராமனுக்கு வந்தது. இத்தாலியச் சொல்லில் வென்றவர்க்கு அப்படியொரு கடமை இல்லை. கொடுப்பது மட்டுமே அங்குண்டு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1943 செப்டம்பர் 3ஆம் நாள் சிசிலித் தீவின் கசீபிலேயில் இத்தாலி நேச நாடுகளுடன் ‘ஆர்மிஸ்தீட்சியோ’ செய்துகொண்டது. ஐந்து நாள் கழித்து அது வெளியிடப்பட்டது. அதே மாதம் 29ஆம் நாள் மால்டாவில் விரிவான இரண்டாம் ஆவணம் கையெழுத்தானது. அதன் தலைப்பில் சரண் என்னும் சொல் இருந்தது. பிரதமர் படோலியோ மறுப்புத் தெரிவித்தார். நவம்பரில் அத்தலைப்பு, போர்நிறுத்தத்தின் கூடுதல் நிபந்தனைகள் என்று மாற்றப்பட்டது. நிபந்தனைகளின் கடுமை பெரிதும் குறையவில்லை. ஆயினும் நாடு இழந்தவற்றுள் ஒரு சொல்லையாவது மீட்டுக்கொண்டது.

நம் வட்டாரத்துக்கும் இத்தகைய வழக்கு உண்டு. லூமுட்டுக்கு அண்மையிலுள்ள சித்தியவானில் பிறந்தவர் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங். 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் கெடாவின் பாலிங்கில் அவரும் துங்கு அப்துல் ரகுமானும் நேருக்கு நேர் பேசினர். துங்கு சரணடையக் கோரினார். சின் பெங் அதனை ஏற்கவில்லை. கட்சிக்குச் சட்ட ஏற்பு, திரும்புவோர் மீதான விசாரணை எனப் பிற தடைகளும் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவையெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து குவிந்தன. 34 ஆண்டுகள் கழித்து, 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் உடன்பாடு கண்டபோது, அது சரணாகக் குறிக்கப்படவில்லை. படைகளைக் கலைத்து ஆயுதங்களை அழித்து மோதலை முடித்துக்கொள்வதாகவே அமைந்தது.

இனி ‘மினாச்சா’. அச்சுறுத்தல் என்று அதனைப் பெயர்க்கலாம். தலைக்குமேல் துருத்தி நிற்கும் பாறைமுனை போன்றதொரு படிமம் அதன் இலத்தீன் வேரில் உள்ளது. யாரும் வாய்திறக்காமலே அச்சம் தரும் நிலை அது. நம் ‘மிரட்டல்’ அத்தகையதன்று. மாட்டை மிரளச் செய்வதுபோல் ஒருவர் முன்வந்து செய்யும் செயல். சொல்லாமல் அச்சுறுத்துவதை நம் புலவர் அறியாதவர் அல்லர். தொண்டைமானிடம் அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், அவன் படைக்கலங்களின் பளபளப்பைப் புகழ்வதுபோல் பேசினார்; எம் அரசனின் வேல்கள் போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அப்புகழ்ச்சியே எச்சரிக்கை.

1874இன் பங்கோர் உடன்படிக்கையும் அவ்வகையில் படிக்கத்தக்கது. லாருட்டில் மோதிய கீ ஹின், ஹாய் சான் பிரிவினர் தனி ஆவணத்தில் ஒப்பமிட்டு, அமைதியை மீறினால் 50,000 டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டனர். அங்கே அச்சுறுத்தலுக்கு விலையே எழுதப்பட்டிருந்தது. மலாய்த் தலைவர்களுடன் செய்த உடன்படிக்கையில் அப்படியொரு கடுஞ்சொல் இல்லை. சமயமும் மரபும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அறிவுரையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்றது அது. நடந்தே தீர வேண்டியது எப்படி அறிவுரையாகும்? ஆங்கிலேயர் அதனை ஆட்சியதிகாரமாகக் கொண்டனர். மலாய்த் தலைவர்கள் அப்படி எண்ணிக் கையெழுத்திடவில்லை. முதல் ரெசிடெண்டான பர்ச் 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பின்னர் பேராக்கில் போர் மூண்டது.

இவ்விடத்தைத் தமிழாக்கும் ஆசிரியர் சிலர், உண்மையை உரைக்கும் ஆர்வத்தில் ‘ஆணை’ என்று எழுத விரும்புவர். நாம் அதற்கு உடன்படோம். ‘ஆணை’ என்றிருந்தால் அன்று பலர் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள். ‘அறிவுரை’ என்றே பெயர்த்து, ‘அதன்படி நடத்தல் வேண்டும்’ என்னும் தொடரையும் விடாமல் அதன் அருகிலேயே நிறுத்தினால், மாணவர் கப்பலில் இருந்தவர்கள் கண்ட அதே ஏட்டைக் காண்பர்.